நூத்திப் பதினாலு கிலோ

சமையல்காரி படுற பாடு என்னன்னு அடுப்படியில நிக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. உப்புக் கூடிரும், பருப்பு வேகாது, எண்பது பேருன்னு சொல்லிட்டு நூத்திருபது பேரு வந்து நிப்பாக. இதெல்லாம் ஒரு பாடா? பசியோட வந்து உக்காந்த பிள்ளை தட்டுல, பசி தீராத அளவாப் பாத்துச் சோறு வைக்கணும், அதையும் தினம் மூணு வேளை வைக்கணும்னா, அதுதான் பாடு. சின்னமனூர்ல முப்பது வருஷம் கல்யாணப் பந்திக்குச் சமைச்ச நான், போயும் போயும் அந்த வேலையில மாட்டினேன்.

போற பக்கம் முதுகு

ஆண்டிபட்டி தாண்டி அணைத் தண்ணியில, வெளிநாட்டுப் போட்டிக்குப் போற துடுப்புப் படகுப் பிள்ளைகளுக்கு நாலு மாசம் முகாம் போட்டிருந்தாக. சமைக்க ஆள் வேணும்னாக, போனேன். நான் தனியாக் கவனிக்க வேண்டியது ரெண்டே பேரு. ஒருத்தி முத்துலட்சுமி, கடமலைக்குண்டுக்காரி. இன்னொருத்தி ஷீபா, ஆலப்புழைப் பக்கம். ரெண்டு பேருக்கும் ஒரே படகு, ஆளுக்கு ரெண்டு துடுப்பு. அதுக்குப் பேரு டபுள் ஸ்கல்ஸ். படகுன்னதும் பரிசல் மாதிரின்னு நினைச்சிராதீக. முப்பது அடிக்கு மேல நீளம், அகலத்துல ஒரு ஆள் இடுப்பு அடங்கும். உள்ள இருந்து பலமாத் தும்மினாலே கவுந்திரும்.

முதல் நாள் கரையில நின்னு பாக்கிறேன். படகு வடக்க பாத்துப் போகுது, பிள்ளைக ரெண்டும் தெக்க பாத்து உக்காந்திருக்குக. போற பக்கம் முதுகைக் காட்டிக்கிட்டு! பெரிய தப்பு நடக்குதுன்னு நினைச்சு, முந்தானையை வீசி வீசிக் கத்தினேன், "ஏ ஆத்தா, திரும்பி உக்காருங்க, எதுலயாவது இடிச்சிரப் போறீக!" மொத்த முகாமும் சிரிச்சது. கரைக்கு வந்ததும், எதுக்கு இப்படிக் கோணலா உக்காருறீகன்னு முத்துகிட்டக் கேட்டேன். துடுப்பைக் கழட்டிக்கிட்டே சொன்னா:

"முன்னாடி போறவளுக்குத்தான் அத்தை மத்தவக படகு தெரியும். கடைசியில வர்றவளுக்கு வெறும் தண்ணிதான் தெரியும்."

மருந்துக்கடை

இவக லைட்வெயிட் ஜோடி. அப்படின்னா படகு எடை இல்ல, ஆள் எடை. ரெண்டு பேரும் சேர்ந்து நூத்திப் பதினாலு கிலோவுக்கு மேல போகக்கூடாது. ஒருத்தி மட்டும் அம்பத்தொம்பதைத் தாண்டவும் கூடாது. போட்டி நடக்கிற ஒவ்வொரு நாளும் தராசுல ஏத்திப் பாப்பாக. கூடுச்சுன்னா படகைத் தொட விட மாட்டாக. போன போட்டியில இருநூறு கிராம் கூடிப்போய், கடல் தாண்டிப் போயும் துடுப்பை நனைக்காமத் திரும்பி வந்ததுக ரெண்டும். இந்தத் தடவையும் அப்படி ஆச்சுன்னா ஜோடியைப் பிரிச்சிருவோம்னு மேலிடத்துல சொல்லிட்டாக. ஆறு வருஷமா ஒரே படகுல உக்காந்ததுக. அதனால முகாம்ல எந்தப் பேச்சு எங்க ஆரம்பிச்சாலும் நூத்திப் பதினாலுல வந்துதான் நிக்கும்.

கோச் பட்டாளத்துல சுபேதாரா இருந்தவக. சுபேதார் சார்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். மீசை சிரிக்கும், அவக சிரிக்க மாட்டாக. சமையல்கட்டுல, நகைக்கடையில இருக்கிற மாதிரி ஒரு குட்டித் தராசைக் கொண்டாந்து வச்சாக. நான் என் வழக்கத்துக்கு அள்ளி வச்சேன். சார் தட்டைத் தராசுல வச்சுப் பாத்துட்டு, பாதிச் சோத்தை எடுத்துத் திரும்பக் குண்டான்லயே போட்டாக. எனக்குச் சுருக்குன்னு வந்திருச்சு. "சார், ஒருத்தருக்குன்னு வச்ச சோத்தைத் திருப்பி எடுக்கிறது எங்க வழக்கமில்ல"ன்னேன். அவக குரலைக்கூட உசத்தல:

"அக்கா, இதைப் பந்தின்னு நினைக்காதீக. மருந்துக்கடைன்னு நினைச்சு அளந்து குடுங்க."

ஒரு வடை

ரெண்டு பேரு எடையையும் சேர்த்துப் பாக்கிறதுல ஒரு வினை இருக்கு. முத்து எலும்பு கனத்தவ, அம்பத்தெட்டுக்குக் கீழ என்ன செஞ்சாலும் இறங்க மாட்டா. அப்ப ஷீபா அம்பத்தாறுல நிக்கணும். இவ நூறு கிராம் கூடுனா அவ நூறு கிராம் குறையணும். ஒரே வீட்டுல வாழ்க்கைப்பட்ட ஓரகத்திமாருகூட ஒருத்தி தட்டை ஒருத்தி இப்படிப் பாத்திருக்க மாட்டாக.

ஒரு நாள் காலைப் பயிற்சி முடிஞ்ச பசியில, வாட்ச்மேனுக்குன்னு நான் சுட்டு வச்சிருந்த மெதுவடை ஒண்ணை எடுத்து முத்து வாயில போட்டுட்டா. ஷீபா பாத்துட்டா. சண்டை போடுவான்னு நினைச்சேன். போடல. தன் தட்டுல இருந்த ரெண்டு இட்லியில ஒண்ணை எடுத்து எங்கிட்ட நீட்டினா. முத்துவுக்கு அந்த வடை உள்ளயும் போகல, வெளியயும் வரல. "நான் ஓடிக் கரைச்சிருதேன்டி, நீ தின்னுடி"ன்னு கெஞ்சுறா. ஷீபா என் பக்கம் திரும்பி, பாதித் தமிழும் பாதி மலையாளமுமாச் சொன்னா:

"வடை தின்னது அவள், பசி எனிக்கு. இதாணு அத்தே டபுள் ஸ்கல்ஸ்."

எந்தூருச் சந்தை

முத்துவோட அப்பா ஆடு வளத்து விக்கிறவக. ஊர்ல சாமிக்குக் கிடா வெட்டின கையோட, தூக்குவாளி நிறையக் கறிக்குழம்பை மடியில வச்சுக்கிட்டு ரெண்டு பஸ்ஸு மாறி வந்துட்டாக. மூடியைத் திறந்தாக பாருங்க, அணைக்கட்டு முழுக்க மணம். துடுப்புப் போட்டுக்கிட்டிருந்த ஆம்பளைப் பிள்ளைக படகுகூடக் கரைப்பக்கம் திரும்பிருச்சு. சார் மட்டும் கூடாதுன்னுட்டாக. அப்பா மகளை மேலயும் கீழயும் பாத்து, "என்ன ஆத்தா கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு, காச்சலா?"ன்னாக. "இல்லப்பா, நல்லாத்தான் இருக்கேன். இன்னும் எழுநூறு கிராம்தான் குறையணும்"னு இவ சந்தோசமாச் சொல்றா. மனுசருக்கு அழுகிறதா சிரிக்கிறதான்னு தெரியல.

கறி வீணாகக்கூடாதேன்னு நானும் வாட்ச்மேனும், பிள்ளைக கண்ணுல படாம, படகுக் கொட்டகைக்குப் பின்னால நின்னுக்கிட்டே தின்னோம். பொய் சொல்லக் கூடாது, நல்ல குழம்பு. காலித் தூக்குவாளியை வாங்கிக்கிட்டுக் கிளம்பும்போது அப்பா சார்கிட்டக் கேட்டாக:

"எங்க சந்தையில எடை கூடின உருப்படிக்குத்தான் சார் மரியாதை. குறைஞ்சாத்தான் சேத்துக்கிடுவோம்கிறீகளே, இது எந்தூருச் சந்தை?"

கூடாரத்துத் தராசு

பொம்பளைப் பிள்ளைகளோட ஒரு பொம்பள ஆள் போகணும், சமையலுக்கும் ஆச்சுன்னு வெளிநாட்டுக்கு என்னையும் கூட்டிட்டுப் போனாக. ஏரிக்கரையில ஒரு கூடாரம். அதுக்குள்ள, போட்டித் தராசுல ஏறுறதுக்கு முன்னால ஒத்திகை பாத்துக்கிட ஒரு தராசு. எல்லா நாட்டு லைட்வெயிட் பிள்ளைகளும் வரிசையில நிக்குதுக. ஒண்ணு வெள்ளை, ஒண்ணு மஞ்சள், ஒண்ணு நம்ம நிறம். ஆனா எல்லாத்துக்கும் ஒட்டின கன்னம், கண்ணு மட்டும் பெருசு. ஒருத்தி பாட்டிலுக்குள்ள துப்பிக்கிட்டே நிக்கிறா. எச்சிலும் எடையில சேத்தியாம். அதுக பாஷை எனக்குத் தெரியாது. பசிச்ச மூஞ்சி தெரியும்ல? இதுக எல்லாத்துக்கும் ஆளுக்கு ஒரு பிடி சோறு போட்டா என்னன்னு தோணுச்சு.

அந்த நினைப்புல, வரிசைக்கு வழி விடுறேன்னு ஒதுங்கினவ, பின்னால பாக்காமத் தராசு மேலயே ஏறி நின்னுட்டேன். எதுக்க இருக்கிற பலகையில எண்பத்தொண்ணுன்னு பெருசா எழுத்து விழுது. மூச்சுக் காட்டாம நின்ன வரிசை மொத்தமும் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சது. சிரிச்சா எடை குறையுமோ என்னமோ, நல்லாவே சிரிச்சதுக. ஷீபா ஓடி வந்து கையைப் பிடிச்சா:

"அத்தே, சீக்கிரம் இறங்குங்க, நம்ம டீமைக் கப்பல் போட்டிக்கு மாத்திருவாங்க!"

உப்பு நார்த்தங்காய்

முதல் பந்தயத்துக்கு எடை நூத்திப் பதிமூணு எண்ணூறு. தராசைத் தாண்டியாச்சு. நல்லாத் தள்ளி பைனலுக்கும் போயாச்சு. பைனலுக்கு முந்தின நாள் மத்தியானம்தான் நான் அந்தக் காரியத்தைச் செஞ்சேன். ரெண்டு நாளா உப்பில்லாக் கஞ்சிதான் அதுகளுக்கு. உப்புத் தின்னா உடம்பு தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கிடும், விடாது. சார் இதை எனக்கு நூறு தடவை சொல்லியிருக்காக. முத்து நாக்கை நீட்டிக் காமிச்சு, "வாயெல்லாம் சப்புன்னு இருக்கு அத்தை, கஞ்சி இறங்கவே மாட்டேங்குது"ன்னா. என் பையில எனக்குன்னு கொண்டு போன உப்பு நார்த்தங்காய் இருந்துச்சு. சுண்டுவிரல் நகம் தண்டித் துண்டு, இது என்ன எடை கூட்டிரப் போகுது? சமைக்கிறவ மனசு உங்களுக்குத் தெரியும். கொடுத்தேன். ஒருத்திக்குக் கொடுத்துட்டு இன்னொருத்தியை விட்டா நியாயமான்னு ஷீபாவுக்கும் கொடுத்தேன். கஞ்சி இறங்கிருச்சு. பின்னாலயே தாகமும் வந்திருச்சு. குடிச்ச தண்ணி போகவே இல்ல, உள்ளயே குடியிருந்திருச்சு.

மறுநாள் காலையில எங்க தராசுல ஏறினா நூத்திப் பதினாலு நானூறு. சார் மூஞ்சி கறுத்துப்போச்சு. "என்ன தின்னீக?"ன்னு கேட்டாக. பிள்ளைக ரெண்டும் தரையைப் பாக்குதுக, என்னைக் காட்டிக் கொடுக்கல. எனக்கு அதுதான் பொறுக்கல. டப்பாவைக் கொண்டாந்து மேசை மேல வச்சு, "நான்தான் சார்"ன்னேன். சார் திறந்து மோந்து பாத்தாக. மூடினாக.

"பிள்ளைக ஆளுக்கு மூணு சட்டை போட்டுக்கிட்டு ஓடட்டும். அக்கா, நீங்களும் ஓடுங்க."

அழுக வேண்டிய நேரம்

ஓடினேன். சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, கார் நிப்பாட்டுற இடத்தைச் சுத்திச் சுத்தி. மூணாவது சுத்துல நான் ஒரு மரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டேன், பிள்ளைக நிக்கல. பந்தயத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாலருந்து ஒரு மணி நேரம் தராசு திறந்திருக்கும். அதுக்குள்ள குறைச்சுக்கிட்டு வந்து திரும்ப ஏறலாம். முதல்ல ஏறினப்ப நூத்திப் பதினாலு இருநூறு. போன போட்டியில கூடின அதே இருநூறு! திரும்ப ஓட்டம். அப்புறம் நூறு. மூட இன்னும் பத்து நிமிசம்தான் இருக்கு.

ஷீபா அப்படியே புல்லுல உக்காந்துட்டா. உதடு துடிக்குது, அழுகையைப் பல்லைக் கடிச்சு அடக்குறா. நான் போய்த் தலையைத் தடவி, "அழாத கண்ணு"ன்னேன். என் தப்புக்கு அது அழுகுதேன்னு முந்தானையால அது கண்ணைத் துடைச்சுவிட்டேன். அங்கன வந்த முத்து என் கையைத் தட்டிவிட்டா:

"அத்தை, நீங்க ஒண்ணு! ஏய், அடக்காதடி. தராசுல ஏறுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் அழுது கொட்டிரு."

பச்சைச் சட்டைக்காரி

ஏறினாக. சரியா நூத்திப் பதினாலு. தராசுக்கார அம்மா தலையை ஆட்டி, காகிதத்துல எழுதினாக. வாழைப்பழத்தையும் தண்ணியையும் கொடுத்து, படகுக்கு அனுப்பி வச்சோம். ஓடிக் களைச்ச காலு என்ன தள்ளும்னு எனக்கு உள்ளுக்குள்ள உதறல்தான். ஆறு படகு. பாதித் தூரம் வரைக்கும் நம்ம பிள்ளைக அஞ்சாவது. அப்புறம் முத்து என்ன நினைச்சாளோ, துடுப்பு ரெண்டும் தண்ணியைக் கிழிக்குது, ஷீபா பின்னாலயே அதே தாளத்துல இழுக்கிறா. ஒரு படகு பின்னால போச்சு. முடிவுக் கோட்டுகிட்ட இன்னொண்ணு போச்சு. மூணாவது! சார் தொப்பியைக் கழட்டி மூஞ்சியை மூடிக்கிட்டாக. ஜோடியைப் பிரிக்கிற பேச்சு அதோட போச்சு.

அன்னிக்கோட தராசு வேலை முடிஞ்சது. எங்க அணி மொத்தத்துக்கும் கிளறி வச்சிருந்த புளியோதரையையும் அவிச்ச முட்டையையும் கரைக்குக் கொண்டாந்து திறந்தேன். நம்ம பிள்ளைக மெடலோட உக்காந்து ரெண்டு வாய் தின்னுச்சுக. மணம் இழுத்துச்சோ, மனசு இழுத்துச்சோ, கூடாரத்து வரிசையில நின்ன அத்தனை நாட்டு லைட்வெயிட் பிள்ளைகளும் ஒவ்வொண்ணா வந்து நிக்குதுக. தட்டு பத்தல, பாத்திர மூடியில எல்லாம் வச்சுக் கொடுத்தேன். காரத்துக்கு மூக்கை உறிஞ்சிக்கிட்டு, கண்ணுல தண்ணி வடிய வடியத் தின்னுச்சுக. பந்தயத்துல முதலாவதா வந்த பச்சைச் சட்டைக்காரி, எதுக்கும் நானும் நிக்கிறேன்னு ஓரமா வெக்கப்பட்டு நின்னா. பசிச்சவகள்ல ஜெயிச்சவ என்ன, தோத்தவ என்ன? வா ஆத்தான்னு கூப்பிட்டு வச்சேன். முத்து வாய் நிறையச் சோத்தோட எட்டிப் பாத்துச் சொன்னா:

"அந்தப் பச்சைச் சட்டைக்குக் குவிச்சு வைங்க அத்தை. அடுத்த வருஷம் தராசுல நின்னு அவ அழட்டும்."

'இன்னும் கொஞ்சம்'னு கேட்டுத் தட்டை நீட்டுறதுதான் சமைக்கிறவளுக்குப் பெரிய பட்டம்னா, அதை வாங்குறதுக்கு நாலு மாசம் பட்டினி போட வேண்டிய ஒரே சமையல் வேலை இதுவாத்தான் இருக்கும்.