ஆர்க்கிட் செடிக்கு லாரிப் பட்டறை வைத்தியம்

வீட்டுக்காரி இரண்டு வருடம் காத்திருந்து பூக்க வைத்த ஆர்க்கிட் செடியில் மாவுப்பூச்சி வந்துவிட்டது. அவள் சேந்தமங்கலத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். வருவதற்குள் சரிசெய்து நல்ல பெயர் வாங்கலாம் என்று ஆசைப்பட்டேன்.

வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் கலந்து அடிக்கச் சொன்னார்கள். கலந்தேன். வீட்டு ஸ்பிரேயர் அடைத்துக்கொண்டது.

நாமக்கல்காரன் புத்தி வேறு எங்கே போகும்? செடியையும் கலவையையும் ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு, நண்பரின் லாரி பாடி கட்டும் பட்டறைக்குப் போய்விட்டேன்.

பெயிண்டர் கலவையை ஊற்றிய ஸ்பிரே துப்பாக்கியும் கையுமாகச் செடியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"ஏனுங்க, ஒரு கோட்டு போதுமுங்களா, ரெண்டு கோட்டு அடிக்கோணுமுங்களா?"

"ரெண்டாவே அடிச்சுருங்க சாமி," என்றேன் தாராளமாக.

கம்ப்ரசர் உறுமியது. முதல் கோட்டிலேயே அத்தனை பூவும் பறந்துபோய் ஒரு டிப்பர் லாரியின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டன. மாவுப்பூச்சி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"பூச்சி நல்ல கெட்டிங்க. பிரைமராட்டம் புடிச்சுக்கிச்சு," என்று பெயிண்டர் மெச்சினார்.

ஆறு மணி பஸ்ஸில் வந்து இறங்குகிறாள். பூ எப்படிப் போயிற்று என்பதற்கு நம்பும்படியான காரணம் இருந்தால் கீழே எழுதுங்கள். பூனை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். ரோஜாச் செடி செத்தபோது அதைச் சொல்லிவிட்டேன்.