ஏழாவது வாக்கியத்துச் சோறு

சாம்பிராணிப் புகை மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குச் சாமி நினைவு வரும். எனக்கோ, இந்த வயதிலும், பசிதான் வரும். கோலசிலாங்கூரிலிருந்து சபாக் போகும் சாலையை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் நான்காம் வகுப்பு படித்த வருடம், தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்தில், எங்கள் வீட்டில் சாம்பிராணிப் புகை மண்டினால், அதன் மறைவில் ஒரு சின்னச் சட்டிக் கஞ்சி கொதிக்கிறது என்று அர்த்தம்.

வெள்ளைக்காரன் ஆண்ட மலாயாவின் அவசரகாலம் அது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்ச் சேரக் கூடாதென்று, தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டதோடு நில்லாமல், யார் வீட்டிலும் அரிசியே இருக்கக் கூடாதென்று உத்தரவும் போட்டுவிட்டார்கள். குழம்பு, கறி எல்லாம் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். சோறு மட்டும் பொதுக் கொட்டகையில் பெரிய இரும்புச் சட்டிகளில் வேகும், நாங்கள் வரிசையில் நின்று பாத்திரத்தில் வாங்கிவர வேண்டும். "கொட்டகைச் சோறு" என்பது அதன் பெயர். மேலே களியாகவும் நடுவில் அரிசியாகவும் அடியில் கரியாகவும் இருந்த அந்தச் சோறு எங்களுக்கு எப்படியோ இறங்கியது, ஒரு வயதுத் தம்பிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வயிறு போய்க்கொண்டே இருந்தது. அம்மா, உத்தரவு வருவதற்கு முன் மீந்திருந்த அரிசியைத் தலையணைக்குள் இலவம்பஞ்சோடு சேர்த்துத் தைத்துவிட்டு, தினமும் ஒரு பிடி எடுத்து அவனுக்குக் கஞ்சி வைத்தாள். வாசம் வெளியே போகாமல் இருக்கத்தான் சாம்பிராணி. தம்பி தேறத் தேறத் தலையணை மெலிந்துகொண்டே வந்தது.

"யாரு கேட்டாலும் சோறு கொட்டகையில வாங்குறோம்னு சொல்லு. அம்மா ஆக்குனாங்கன்னு வாயத் தொறந்தே, என்னைய லோரியில ஏத்திக்கிட்டுப் போயிருவானுங்க" என்று அம்மா தினமும் காலையில் எனக்குத் தலை வாரும்போதே சொல்லி அனுப்புவாள். கடைசி லயத்து அக்கா ஒருத்தியை அப்படி ஏற்றிக்கொண்டு போனதை நானே கண்ணால் பார்த்திருந்தேன். இரண்டு நாளில் அவள் திரும்பி வந்துவிட்டாலும், லோரிச் சத்தம் கேட்டால் நான் ஓடிப்போய் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொள்வேன். அந்தக் காலத்தில் எங்கள் வீடு மட்டுமல்ல, லயம் முழுவதுமே சாம்பிராணி மணந்தது. "நம்ம ஜனங்களுக்கு இப்பத்தான்யா பக்தி வந்திருக்கு" என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மெச்சிக்கொண்டு போவார். மற்ற வீட்டுப் புகையை நானும் பக்தி என்றே நம்பினேன்.

பள்ளிக்கூடத்தில் எங்கள் தேவநேசம் வாத்தியாருக்கு ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. கரும்பலகையில் பத்து வாக்கியங்களை வினை இல்லாமல் கோடிட்டு எழுதுவார்; பக்கத்தில் பத்து வினைகளைப் பட்டியல் போடுவார்; பொருத்தமானதை எடுத்து நாங்கள் நிரப்ப வேண்டும், ஒரு சொல்லை ஒரு முறைதான் பயன்படுத்தலாம். "கோட்டப் பாக்காதீங்கடா, கோட்டுக்கு முன்னால என்ன இருக்குன்னு பாருங்க" என்று பிரம்பால் பலகையைத் தட்டுவார். பூ என்று கண்டால் தொடுத்தாள், கூடை என்று கண்டால் முடைந்தாள், பசு என்று கண்டால் கறந்தாள். இதில் நான் புலி. பத்துக்குப் பத்துக்குக் குறைந்து நான் வாங்கியதே இல்லை என்பதை இன்றும் வெட்கமில்லாமல் சொல்லிக்கொள்வேன்.

ஒருநாள் பள்ளிகளைப் பார்வையிடும் அதிகாரி வந்தார். வழியில் பயமென்று துப்பாக்கியோடு இரண்டு "மாத்தா"க்கள், அதாவது போலீஸ்காரர்கள், துணைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அதிகாரி மேசைமேல் ஒரு தகரப் பெட்டியை வைத்தார். மூடியில் கப்பல் படம், உள்ளே பன்னிரண்டு வண்ணப் பென்சில்கள். பத்தும் சரியாக எழுதுபவருக்கு அது பரிசு என்றதும் வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. எனக்கும் அந்தப் பெட்டி என்னுடையது என்று முடிவாகிவிட்டது.

ஆறு வாக்கியம் வரை பென்சில் பறந்தது. ஏழாவது: "அம்மா அரிசி களைந்து, அடுப்பு மூட்டி, சோறு ______."

ஆக்கினாள். இதற்கு யோசனை எதற்கு? ஆனால் எழுதப் போன கை நின்றுவிட்டது. பின்னால் துப்பாக்கிகள். விடைத்தாள்கள் அதிகாரியின் கறுப்புப் பைக்குள் போகும், பை மாத்தாக்களின் வண்டியில் போகும், வண்டி ஸ்டேஷனுக்குப் போகும். மேலே என் பெயரும் லயத்து எண்ணும் இருக்க, கீழே என் கையெழுத்திலேயே அம்மா ஆக்கினாள் என்று இருக்கும். கப்பலைப் பார்த்தேன், மெலிந்த தலையணையை நினைத்தேன், "வாங்கினாள்" என்று எழுதிவிட்டேன். மூன்றாவது வாக்கியத்துத் தங்கை கடையில் சீப்பு வாங்க அந்தச் சொல்லை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

அதிகாரி அங்கேயே தாள்களைத் திருத்தினார். ஒவ்வொன்றாகப் புரட்டப் புரட்ட அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அரிசி களைந்து அடுப்பு மூட்டிய அம்மாக்கள் பாதிப் பேர் சோறு வாங்கியிருந்தார்கள்; ஒருத்தி சோறு தொடுத்திருந்தாள்; செல்லம்மாவின் அம்மாவோ சோறு கறந்திருந்தாள். "என்ன வாத்தியாரே, இந்தத் தோட்டத்துல சோறு மாட்டுக்கிட்டருந்தா வருது?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். வாத்தியார் முகம் சுண்டிப் போயிற்று. "நேத்து வரைக்கும் ஒழுங்காத்தானடா எழுதுனீங்க?" என்றார். இருபத்திரண்டு பேரும் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரே ஒருவன் மட்டும் "ஆக்கினாள்" என்று எழுதியிருந்தான். அந்தோணி. ஐந்தைத் தாண்டி மதிப்பெண் வாங்கியறியாத அந்தோணி, அன்றைக்கென்று பார்த்து பத்துக்குப் பத்து வாங்கி, கப்பல் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். தம்பியின் கஞ்சியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து எனக்கு ஊற்றினாள். ஆனாலும் பொறாமை அடங்காமல் ஒரு மாதம் அந்தோணியோடு நான் பேசவில்லை.

போன வருடம் சுங்கை பெசாரில் அந்தோணியின் பேத்திக்குக் கல்யாணம். பழைய வகுப்பில் மிஞ்சிய ஆறு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். தோட்டத்தில் ரப்பர் போய் எண்ணெய்க்கு நடும் செம்பனை வந்து, லயம் இடிந்து, கொட்டகை இருந்த இடத்தில் லோரிகள் நிற்கின்றன என்று பேசிக்கொண்டிருந்தபோது, செல்லம்மாதான், எங்கள் ஊர்ப் பேச்சின் 'லா'வை ஒட்டவைத்து, மெதுவாக ஆரம்பித்தாள்: "நான் வேணும்னுதான் கறந்தாள்னு எழுதினேன் லா. எங்கம்மா உரலுக்கு அடியில அரிசி வச்சிருந்தாங்க." ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு ஒவ்வொருவராக அவிழ்த்துவிட்டோம்: ஒரு வீட்டில் கூரை இடுக்கு, ஒரு வீட்டில் கோழிக்கூடு, எங்கள் வீட்டில் தலையணை. அத்தனை சாம்பிராணியும் பக்தி இல்லை! அறுபது வருடமாக நான் மட்டும்தான் பொய் எழுதினேன் என்று நினைத்திருந்தவளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"அந்தோணி, நீ மட்டும் எப்படிடா பயப்படாம எழுதுன?" என்று கேட்டேன்.

அவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். "எங்க வீட்டுல ஆக்க யாரு லா இருந்தா, ருக்கு? அம்மா நான் பொறந்தப்பவே போயிட்டாங்க. அப்பாவும் நானும் கொட்டகைச் சோறுதான். அம்மா இருந்திருந்தா நானும் தப்பாத்தான் எழுதியிருப்பேன்."

பெட்டிக்காக அவனோடு ஒரு மாதம் பேசாமல் இருந்ததை அப்போதுதான் அவனிடம் சொன்னேன். "தெரியும் லா" என்றான்.