மீன் ஒத்துக்கொள்ளாத பெண்

மூன்று வருடங்களுக்கு முன், சென்னையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்தபோது நடந்தது இது. தோழிகள் இரண்டு பேர் திருநள்ளாறு போகலாம் என்று என்னையும் இழுத்தபோதே தட்டிக்கழிக்கப் பார்த்தேன். அங்கிருந்து காரைக்கால் கடற்கரை கொஞ்ச தூரம்தான். அதை ஒட்டித்தான் எங்கள் மீனவக் கிராமமான கிளிஞ்சல்மேடு.

விடுதியில் சேர்ந்த முதல் வாரம், ஒரு பெண் கருவாட்டு டப்பாவைத் திறக்க, எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் மிரண்டுபோய், 'சொந்த ஊர் பாண்டிச்சேரி, அப்பா பிசினஸ், மீன் எனக்கு ஒத்துக்காது' என்று அளந்துவிட்டேன். உண்மையில் அப்பா மீன் பிடிக்கக் கடலுக்குப் போகிறவர். காரைக்காலும் புதுச்சேரியோடு சேர்ந்ததுதானே, ரேஷன் கார்டில் புதுச்சேரி என்றுதானே இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் வேறு.

சாமி கும்பிட்டதும் காலையிலேயே பீச்சுக்கு வந்துவிட்டார்கள். நான் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டேன். தெரிந்தவர் யாராவது வருகிறார்களா என்பதிலேயே கண். ஒருத்தி அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில் இறங்கினாள். கடல் இறங்கி ஆற்றுத் தண்ணீர் வடிகிற நேரத்தில் அந்த இடம் ஆளை இழுத்துவிடும். எங்கள் தெருவில் சின்னக் குழந்தைக்குக்கூட இது தெரியும். சொல்ல வாயெடுத்தேன். 'உனக்கெப்படித் தெரியும்' என்று கேட்டால்? முழங்கால் தண்ணீர்தானே என்று சும்மா இருந்துவிட்டேன்.

அடுத்த நிமிடம் அவள் தலை மட்டும்தான் தெரிந்தது.

"ஐயோ, புள்ள போவுதே! படகைத் திருப்புங்களேன்!" என்று அலறினேன். கரை திரும்பிக்கொண்டிருந்த ஃபைபர் படகு ஒன்று வளைந்து வந்தது. அதிலிருந்து ஒருவர் குதித்து, அவளைக் கரைக்கு இழுத்து வந்தார்.

என் அப்பா.

அவள் இருமி இருமித் தண்ணீரைக் கக்கினாள். அப்பா என்னைப் பார்த்தார். பரீட்சை இருக்கிறது, ஊருக்கு வர முடியாது என்று வீட்டில் சொல்லியிருந்தேன். மகளின் குரல் தெரியாதா அவருக்கு? மூடிய முகத்தையும், நான் ஓரடி பின்வாங்கியதையும் பார்த்தார். புரிந்துகொண்டார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாரோ மாதிரி பொதுவாகக் கேட்டார்.

"எந்த ஊருங்க நீங்கல்லாம்? இங்க எறங்காதீங்கன்னு சொல்ல ஒரு ஆளில்லையா?"

எனக்குத் தாங்கவில்லை. துப்பட்டாவை இறக்கினேன். "நான்தாம்ப்பா சொல்லல," என்று அழுதுவிட்டேன். தோழிகள் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள். அப்பா திட்டவில்லை. "மொதல்ல அந்தப் புள்ளைய வூட்டுக்கு அழச்சிட்டு வா," என்றார்.

இப்போதெல்லாம் யார் கேட்டாலும் கிளிஞ்சல்மேடு என்று உடனே சொல்லிவிடுகிறேன். ஆனால் சொல்லும் ஒவ்வொரு முறையும், எனக்காக என்னையே தெரியாதவர் போல நின்ற அப்பாவின் முகம் கண்முன் வந்துவிடுகிறது.