மொட்டைக்குச் சொன்ன காரணம்

ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சி என்றால் என்னவோ ஏதோ என்று நினைப்பீர்கள். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்து கழுத்து வலியைச் சம்பாதிக்கிற உத்தியோகம்தான் அது. தொண்ணூறுகளில் டில்லி ஆஸ்பத்திரி ஒன்றில் குழந்தைகளின் ரத்த வியாதிகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தேன்; டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரியில் வேலை என்று கல்யாண வீட்டில் வாயை விட்டுவிட்டு, பக்கத்து இலைக்காரரின் சர்க்கரை வியாதிக்கு யோசனை சொல்ல நேர்ந்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

கண்ணாடி ஆன்ட்டி

எலும்பு மஜ்ஜையை ஊசியில் எடுத்த உடனே கண்ணாடித் தகட்டில் தடவிவிட வேண்டும். தாமதித்தால் உறைந்துவிடும். அதனால் டாக்டர் ஊசியைக் குத்தும்போது நான் தகடுகளோடு கட்டிலருகே நிற்பேன். பிள்ளைகளுக்கு டாக்டர் மேல் வருகிற ஆத்திரத்தில் எனக்கும் ஒரு பங்கு கிடைக்கும்.

கவிதாவை அப்படித்தான் சந்தித்தேன். ஆறு வயது. அப்பா மத்திய அரசில் குமாஸ்தா, சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் வீடு. மதுரைப் பக்கத்துக்காரியான அம்மா செல்வி, நான் தமிழ் பேசியதும் என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. குப்புறப் படுத்திருந்த கவிதா தலையை மட்டும் திருப்பி என்னை அதட்டினாள்: "கண்ணாடி ஆன்ட்டி, சும்மா நிக்காதீங்க, ஜல்தி பண்ணுங்க!"

லட்டு எங்கே?

ரத்தப் புற்றுநோய்தான் என்று உறுதியாயிற்று. சிகிச்சையில் முடி கொட்டியது. திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டோம் என்று காலனி முழுக்கச் சொல்லிவிட்டாள் செல்வி. ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்டேன். "பொம்பளப் புள்ளக்கா. ரத்தத்துல வியாதின்னு பேராயிட்டா நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று அழுதாள். ஆறு வயதுப் பெண்ணுக்குக் கல்யாணக் கவலை! எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் அல்லவா? திருப்பதி போனவர்கள் லட்டு இல்லாமல் திரும்புவார்களா? எதிர் வீட்டுச் சோப்ரா அம்மாள் பிரசாதம் கேட்டுக் கையை நீட்டிவிட்டார். செல்வியின் கணவர் மார்க்கெட்டில் பூந்தி லட்டு வாங்கி, பச்சைக் கற்பூரத்தைப் பொடித்துத் தூவி, வீடு வீடாகக் கொடுத்தார். மறுநாள் ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னார்: "கற்பூரம் கொஞ்சம் தூக்கலாப் போச்சு மேடம், ஆனாலும் எல்லாரும் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் சாப்பிட்டாங்க."

வராதவர்கள்

சில மாதங்களில் மஜ்ஜை சுத்தமாயிற்று. முடியும் வளர்ந்தது. எங்கள் தொழிலில் ஆபத்தான கட்டம் இதுதான். தகட்டில் தென்படாமல் ஒளிந்திருக்கும் கெட்ட செல்கள் மறுபடி தலைதூக்காமல் இருக்க, இன்னும் இரண்டு வருஷமாவது மாத்திரை சாப்பிட வேண்டும். அடிக்கடி வந்து ரத்தம் பார்க்க வேண்டும். பிள்ளைதான் ஓடியாடுகிறதே என்று பெற்றவர்கள் பாதியில் நிறுத்திவிடுவார்கள். வியாதி திரும்பி வந்தால் அந்தக் காலத்தில் எங்களால் அதிகம் செய்ய முடியாது.

கவிதாவும் வருவது நின்றது. எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை லோதி ரோட்டில் பஸ் பிடித்து அவர்கள் வீட்டுக்கே போய்விட்டேன்.

"புள்ளையக் கூட்டிக்கிட்டு அடிக்கடி எங்க போறேன்னு கேக்குறாங்கக்கா. எத்தனை தடவ திருப்பதி போறது?" என்றாள் செல்வி. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் சோப்ரா அம்மாள் கிண்ணம் நிறைய மாதுளை முத்துக்களோடு உள்ளே வந்தார். கிண்ணத்தை வைத்துவிட்டு நேரே குழாயடிக்குப் போய், ஆஸ்பத்திரியில் நாங்கள் சொல்லிக்கொடுப்பது போலவே முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். பிறகுதான் கவிதாவைத் தொட்டார்.

செல்வி திகைத்து நின்றாள். விசாரித்தால், கை கழுவாமல் என்னைத் தொடக்கூடாது, என் ரத்தத்தில் வியாதி என்று கவிதாவே முதல் மாதத்திலேயே அக்கம்பக்கத்தையெல்லாம் மிரட்டி வைத்திருக்கிறாள். சோப்ரா அம்மாள் செல்வியின் தோளைத் தட்டி ஹிந்தியில் சொன்னார்: "அரே பேட்டா, காலனிக்கே தெரியும். நீ மறைக்க ஆசைப்பட்டாய், அதனால்தான் நாங்களும் லட்டு கேட்டோம்."

கடைசித் தகடு

அதற்கப்புறம் ஒரு தடவைகூடத் தவறவில்லை. செல்விக்கு முடியாத நாளில் சோப்ரா அம்மாள் கூட்டிவந்தார். மாத்திரைகள் முடிந்ததும் கடைசியாக ஒரு முறை மஜ்ஜை எடுத்தோம். அந்தத் தகட்டை மூலை முடுக்கு விடாமல் துழாவினேன். ஒன்றுமில்லை. மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுக்காமலே சந்தோஷத்தில் அழுதேன்.

டாக்டர் சொன்ன பிறகு நானும் வெளியே போய், இனி மாத்திரை வேண்டாம், எப்போதாவது வந்து காட்டினால் போதும் என்றேன். கவிதா அப்பாவை இழுத்துக்கொண்டு ஐஸ்கிரீம் வண்டிக்கு ஓடிவிட்டாள். செல்வி மட்டும் நகராமல் நின்று கேட்டாள்: "அப்ப இனிமே நாங்க வரலைன்னா, நீங்க தேடிக்கிட்டு வரமாட்டீங்களாக்கா?"

வராதவர்களைத் துரத்திப் பிடிப்பதும், வந்து பழகிப்போனவர்களை இனி வராதீர்கள் என்று விரட்டுவதும்தான் நான் செய்த ஆராய்ச்சி என்று எழுதிக்கொடுத்திருந்தால், எந்தப் பல்கலைக்கழகமும் எனக்குப் பட்டம் தந்திருக்காது.