அனுமன் வாலில் ஒரு கீறல்

வெள்ளிப் பாத்திரங்களில் பதித்த பழங்காசு மெய்யா, போலியா என்று பார்த்துச் சொல்வது என் தொழில். இதே தொழிலில் அல்லலுறும் அன்பர்களே, இதில் நாவை அடக்கினால் மட்டும் போதாது, கையையும் அடக்க வேண்டும்.

கண்ணில் ஒற்றியது

பழவேற்காட்டில் என் வீட்டுக்குக் குப்பம்மாள் என்னும் மீனவப் பெண்மணி ஒரு குங்குமச் சிமிழைக் கொண்டுவந்தார். மூடியில் இராமர் பட்டாபிஷேகக் காசு. அந்தக் காசு ஏரியில் வலையோடு வந்ததென்று காலஞ்சென்ற அவர் மாமனார், தம் வீட்டாரிடம் மட்டும் இரகசியமாகப் பெருமை பேசிவந்தாராம். அவர்கள் குப்பத்திலோ வலையில் ஏறும் பழங்காசு அம்மனுக்கே உரியது. மறைத்த குடும்பத்துக்குப் பாடு கிடையாது; ஏரியில் முறைவைத்து வலைபோடும் உரிமையைத்தான் பாடு என்பார்கள். காசு மெய்யென்றால், ஆடியில் கூழ் வார்க்கும் நாளன்று ஊரார்முன் ஒப்புக்கொள்வதாகக் குப்பம்மாள் அம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தார். அவர் மகனுக்கோ பாடு ஒன்றே பிழைப்பு.

நான், நாள்தோறும் பாசுரம் ஓதும் பழக்கத்தில், சீதாராமரைக் கண்டதும் சிமிழைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் முகம் வெளுத்தது.

"நீங்களே கும்புட்டுட்டீங்களே சாமி! அப்போ நெசம்தான். எம் புள்ள பாடு போச்சே!"

மறைந்த ஓரம்

வணங்கியது இராமனை, காசை அன்று என்று எவ்வளவு சொல்லியும் அவர் தேறவில்லை. வார்ப்புப் போலியைக் காட்டிக்கொடுப்பது அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு; அது ஓரத்தில்தான் இருக்கும். ஓரமோ வெள்ளிக் கட்டுக்குள் மறைந்திருந்தது. பூதக்கண்ணாடியில் தென்பட்டதெல்லாம் அனுமன் வாலின் நுனியில் ஒரு மெல்லிய கீறல். கட்டைப் பிரிக்கட்டுமா என்றேன். சிமிழை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அம்மன் காசா இருந்தா அதுல உளி படலாமா? இன்னா பேச்சு சாமி இது?"

ஆறும் ஒன்றும்

மறுவாரம், பாத்திரக்கடைக் காதர் பாய் தம் தந்தை விட்டுப்போன பழஞ்சரக்கிலிருந்து ஆறு சிமிழ்களைக் கொண்டுவந்தார். காசுகள் மெய்யானால் விலையை ஏற்றலாமே என்பது அவர் எண்ணம். ஆறிலும் அனுமன் வாலில், அதே இடத்தில், அதே கீறல்! மூலக்காசின் கீறல் அச்சில் இறங்கி, அந்த அச்சில் வார்த்த போலிகள் எல்லாவற்றிலும் ஏறியிருந்தது.

பாய் சோர்ந்தார், நான் குப்பம்மாளை வரவழைத்தேன். ஏழு சிமிழ்களையும் வரிசையாக வைத்தோம்; வெள்ளிக் கட்டும் ஏழிலும் ஒரே கைவேலை. "எங்க அத்தா கடைச் சரக்கும்மா இது. உங்க மாமனாரு எங்ககிட்டதான் வாங்கியிருப்பாரு" என்றார் பாய். குப்பம்மாள் ஏழு வால்களையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அப்போ கெழவன் திருடல, புளுகியிருக்காரு! புளுகுக்கெல்லாம் பாடு நிறுத்துனா எங்க குப்பத்துல ஒருத்தனும் வலை போட முடியாது சாமி!"

அன்றுமுதல் நான் பட்டாபிஷேகக் காசு எது வந்தாலும் முதலில் வாலைப் பார்க்கிறேன், பிறகே திருவடியைத் தொழுகிறேன்.