காற்றாடிக்கு அடியில் இருபது நிமிடம்

கடந்த ஆண்டு தைப்பூசம் கழிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை, காலை மணி பத்து நாற்பது. இடம், புக்கிட் தெங்காவில் மருத்துவமனைகளுக்குப் பிளாஸ்டிக் குழாய் செய்யும் ஒரு தொழிற்சாலை. எதையும் நாளும் நேரமும் போட்டுக் குறித்து வைப்பது என் பழக்கம். அந்தப் பழக்கம்தான் பிறகு என்னையே காட்டிக்கொடுத்தது.

நான் அங்கே பிசினஸ் அனலிஸ்ட். சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. தீவில் இருக்கும் ஜார்ஜ் டவுனிலிருந்து தினமும் கடல் பாலத்தைக் கடந்து போவேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால், அலுவலகத்துக்கும் இயந்திரங்களுக்கும் நடுவில் நிற்கிற வேலை என்பேன். ஆட்களிடம் கேட்க வேண்டும், கவனிக்க வேண்டும், வேலை நடக்கும் விதத்தைப் படமாகப் போட வேண்டும், அதைக் கணினிக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டும். இரு தரப்புக்கும் சண்டை வந்தால் சமாதானமும் பேச வேண்டும். இவற்றில் கேட்பதுதான் எனக்கு நன்றாக வரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்று பேக்கிங் பிரிவில் ஓர் அக்காவின் வேலையைக் கவனித்தேன். சுங்கை பாக்காப்பிலிருந்து வருகிறவர். அந்த மேசையில் பல வருட அனுபவம். இயந்திரத்திலிருந்து வரும் குழாய்த் தட்டுகளை அவர் உடனே பையில் போடாமல், மேலே சுழலும் பெரிய மின்காற்றாடிக்கு அடியில் இருபது நிமிடம் வைத்தார். எந்தக் கையேட்டிலும் இல்லாத வேலை. ஏன் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். பக்கத்தில், தமிழ் தெரியாத சீன மேலாளர் நின்றிருந்தார்.

"சூடு இருக்கும் தம்பி, அப்படியே பையில போட்டா..." என்று அக்கா ஆரம்பித்தார்.

நான் கையைக் காட்டி நிறுத்தி, அடுத்து என்ன செய்வீர்கள் என்பதை மட்டும் சொன்னால் போதும் என்றேன். அதையும் ஆங்கிலத்தில்தான் சொன்னேன். மேலாளர் முன்னால் தமிழில் பேசினால் என் மதிப்பு குறைந்துவிடும் என்று ஒரு நினைப்பு. தைப்பூச மொட்டையில் முடி முளைத்தும் முளைக்காத தலையோடு நின்றுகொண்டுதான் அப்படி நினைத்தேன்.

"ஓகே லா, சார்" என்றார் அக்கா. அந்த நிமிடத்தில், தம்பியாக இருந்த நான் சார் ஆகிவிட்டேன். எனக்கு அதுவும் பிடித்திருந்தது.

புதிய வரைபடத்தில் அந்த இருபது நிமிடத்தை வீண் காத்திருப்பு என்று எழுதி எடுத்துவிட்டேன். புதிய முறையில் ஆட்சேபம் இல்லை என்று மூன்று பக்க ஆங்கிலத் தாளில் அக்காவிடம் கையெழுத்தும் வாங்கினேன்.

புதிய முறை ஆரம்பித்து ஆறு வாரத்தில் சரக்கு திரும்பி வந்தது. பைகளுக்குள் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. பெட்டிகளில் இருந்தது அக்காவின் பேக்கிங் எண். விசாரணைக்கு அவரை அழைத்தார்கள்; கையெழுத்துத் தாளோடு என்னையும் அழைத்தார்கள். இரண்டாவது எச்சரிக்கைக் கடிதம் வந்தால் அவர் வேலை போய்விடும். முதல் கடிதம் மேசைமேல் தயாராக இருந்தது.

"நான் அப்பவே சொன்னேன், பாஸ்" என்று அக்கா மலாயில் சொன்னார். யாரிடம் என்று மேலாளர் கேட்டார். அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, "ஞாபகம் இல்ல" என்றார்.

நான் வாய் திறக்கவில்லை. அவர் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

என் இடத்துக்கு வந்து குறிப்பேட்டைப் புரட்டினேன். அந்தச் செவ்வாய், பத்து நாற்பது. "ஆட்சேபம் இல்லை" என்று எழுதியிருந்தேன். ஓரத்தில், பொடி எழுத்தில், "சூடு?" காதில் விழுந்திருக்கிறது. எழுதியும் வைத்திருக்கிறேன். கேட்கத்தான் இல்லை.

மேலாளரிடம் போகத் துணிவு வர மறுநாள் மத்தியானம் ஆயிற்று. குறிப்பேட்டைத் திறந்து காட்டி நடந்ததைச் சொன்னேன். கடிதத்தைத் திரும்பப் பெற்றார்கள். எனக்கு ஒன்று கொடுத்தார்கள். காற்றாடி நேரம் வரைபடத்துக்குத் திரும்பியது.

அடுத்த நாள் சாப்பாட்டு வேளையில் கேண்டீனுக்குப் போய் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன், தமிழில்.

"அட, தமிழ் வருதே!" என்று பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். "தண்ணீர்மலைக் கோயில் படியில பால்குடத்தோட எனக்கு முன்னாலதான் தம்பி ஏறுனீங்க. வேல் வேல்னு நீங்க போட்ட சத்தத்துல என் காது அடைச்சுப்போச்சு. இங்க மட்டும் என்ன, தொண்டை கட்டிக்கிச்சா?"

ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று மட்டும் கேட்டேன்.

"நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன் லா" என்றார், சோற்றைப் பிசைந்தபடி.

இப்போது என் குறிப்பேட்டில் நாள், நேரம் இவற்றுக்குக் கீழே, எந்த மொழியில் கேட்டேன் என்பதையும் எழுதுகிறேன். ஆனால் அந்த விசாரணை அறையில் அவர் என்னைப் பார்த்துக் காத்திருந்த சில நொடிகளை எந்தப் பக்கத்திலும் என்னால் இன்றுவரை எழுத முடிந்ததில்லை.