எப்சி வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரே எண்

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வுபெற்றவர் எப்சி. அவருடைய கணவர் தேவசிகாமணி புவியியல் ஆசிரியராக இருந்தவர். கண்ணில் அழுத்தம் கூடி அவருக்குப் பார்வை போனபிறகு, எப்சி பயண நூல்களை வாய்விட்டுப் படித்துக் கம்ப்யூட்டரில் பதிவுசெய்து வைத்தார். குக்கர் விசிலும் மீன்காரரின் கூவலும் அதில் சேர்ந்தே பதிவாயின.

மாடியறையில் இருந்தபடி தேவசிகாமணி அவற்றைத் தன் போனில் கேட்பார். கோயம்புத்தூரில் இருக்கும் மகள் ரீபா, கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அதற்கு வழி செய்திருந்தாள். வீட்டு வைஃபையில் கம்ப்யூட்டருக்கு ஓர் எண் உண்டு. போன் அந்த எண்ணைத் தேடிப்போய்ப் பதிவை எடுக்கும்.

ஆனால் கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் கம்ப்யூட்டருக்கு வேறு எண்ணைக் கொடுத்துவிடும். போனோ பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் எப்சிக்குச் சர்ச்சில் பாடகர் குழுப் பயிற்சி. பயிற்சி நடுவில், பதிவு வரவில்லை என்று கணவர் போனில் கூப்பிடுவார், எப்சி பாதியில் எழுந்து வருவார். ஒருநாள், தொண்டை சரியில்லை என்று சொல்லிப் போவதையே நிறுத்திவிட்டார்.

தேவசிகாமணி நம்பவில்லை. "தினமும் எனக்குப் படிக்கிற தொண்டைதானே? எனக்காக நீ பாட்டை விட வேண்டாம்" என்றார்.

எப்சி மகளிடம் பேசினார். கம்ப்யூட்டருக்கு மாறாத எண்ணாகக் கொடுத்துவிட்டால் போதும், ஈஸ்டருக்கு வந்து செய்து தருகிறேன் என்றாள் ரீபா. எப்சிக்கு அதுவரை பொறுக்கவில்லை. மறுநாள் காலை, கம்ப்யூட்டரில் எண் தானாக வரட்டும் என்றிருந்ததை மாற்றி, தானே ஒன்றைப் போட்டார். அது ஏற்கெனவே டிவியிடம் இருந்த எண். டிவியும் நின்றது, கம்ப்யூட்டரும் முரண்டு பிடித்தது.

பிறகு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, அது எந்த எண் வரைக்கும் மற்றவற்றுக்குக் கொடுக்கிறது என்று பார்த்து, அதைத் தாண்டி ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்தார். டிவி ஓடியது. கம்ப்யூட்டரில் மட்டும் இணையம் வரவில்லை. மகளைக் கேட்டதில், எண் போட்ட இடத்தில், இணையதளங்களின் முகவரியை யாரிடம் கேட்பது என்ற கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தது தெரிந்தது. முந்தின கட்டத்தைப் போலவே அதிலும் ரவுட்டரின் எண்ணை எழுதியதும் இணையப் பக்கங்கள் எல்லாம் திறந்தன.

போனிலும் புது எண்ணைப் பதித்துக் கணவர் கையில் கொடுத்தார். கீழே வந்து, கரண்ட் போய் வந்ததுபோல மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டார். கம்ப்யூட்டர் தானாக எழுந்துவரும் வரை நின்றார்.

"ஏங்க, இப்பம் போட்டுப் பாருங்க."

சற்று நேரத்தில் மாடியிலிருந்து எப்சியுடைய குரலே பாலைவனத்தைப் பற்றிப் படித்தது.

"ஒட்டகம்லாம் வந்துட்டு. இனி நீ பாட்டுக்குப் போ" என்றார் தேவசிகாமணி.

எப்சி படியில் உட்கார்ந்து சிரித்தார்.

அந்தச் சனிக்கிழமை மழை. பயிற்சி நடக்கும்போதே ஊர் முழுக்கக் கரண்ட் போய் வந்தது. எப்சியின் போன் ஒலிக்கவில்லை. கடைசிப் பாட்டு வரைக்கும் இருந்து பாடிவிட்டு, நனைந்துகொண்டே வீடு வந்தார்.

தேவசிகாமணி இரண்டு அத்தியாயம் முடித்திருந்தார். ஓர் ஊரின் பெயரை எப்சி தப்பாக உச்சரித்திருக்கிறார் என்பது அவர் புகார். நாளைக்கு மாற்றிப் படித்துவிடலாம் என்று சொல்லிவிட்டு, எப்சி தலையைத் துவட்டிக்கொண்டே காப்பி போடப் போனார்.